22க்யூ11.2 டிலீஷன் உள்ள பையன்: மனநோய் அபாயத்தைப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது, எதைக் கண்காணிப்பது?

வைகைக்கரை (பள்ளி ஆலோசகர்):

வணக்கம். ஒன்பது வயதுப் பையன், நான்காம் வகுப்பு. கைக்குழந்தையாக இருந்தபோதே ஃபாலோ டெட்ராலஜி எனும் இதயக் குறைக்கு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. மூக்கால் பேசுவான். சத்தமாக வாசிக்கச் சொன்னால் தடங்கல் இல்லாமல் வாசிப்பான், ஆனால் கணக்கு சுத்தமாக ஏறாது. புது ஆட்கள் வந்தால் ஒதுங்கிவிடுவான். இதய மருத்துவர் எழுதிக் கொடுத்து இப்போதுதான் மைக்ரோஅர்ரே (குரோமோசோமில் துண்டு போயிருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுத்திருக்கிறார்கள். 22-ஆம் குரோமோசோமின் 22க்யூ11.2 பகுதியில் ஏறத்தாழ 3 மெகாபேஸ் (முப்பது லட்சம் மரபெழுத்து) இழப்பு, அதாவது டிலீஷன், என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது.

பெற்றோர் இணையத்தில் தேடி, "பெரியவனானதும் மனச்சிதைவு வரும்" என்று படித்துவிட்டு இடிந்துபோய் இருக்கிறார்கள். அவர்கள் சொந்த மாமன், அக்கா மகள். உறவுக்குள் கட்டியதால்தான் இப்படி என்று வீட்டுப் பெரியவர்கள் அந்த அம்மாவைக் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். அபாயம் உண்மையில் எவ்வளவு, திருமண உறவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, பள்ளியில் நாங்கள் எதைக் குறித்து வைக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அடுத்த சந்திப்பில் சரியாகப் பேச உதவும்.

—

மரபணுமணி (மரபியல் ஆலோசனை):

முதலில் அந்தப் பழியைத் தீர்த்துவிடுவோம் மேடம். அதற்கு மருத்துவ அடிப்படை இல்லை.

22-ஆம் குரோமோசோமின் இந்தப் பகுதியில் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக ஒத்திருக்கும் நீளமான துண்டுகள் பல இடங்களில் இருக்கின்றன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இரண்டு குரோமோசோம்களும் பக்கத்தில் பக்கமாக நின்று துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். அப்போது இந்த ஒத்த துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டால் நடுவில் இருப்பது மொத்தமாக உதிர்ந்துவிடும். இப்படி உதிர்வது பெரும்பாலும் 3 மெகாபேஸ், சிலரிடம் 1.5 மெகாபேஸ். பெரிய துண்டில் புரதம் உருவாக்கும் மரபணுக்கள் நாற்பதுக்கு மேல் போய்விடுகின்றன. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு இது புதிதாக நிகழ்ந்ததுதான். யார் யாரைக் கட்டினாலும் நிகழும். அம்மா என்ன சாப்பிட்டார், என்ன செய்தார் என்பதும் காரணமில்லை.

உறவுத் திருமணம் அபாயத்தைக் கூட்டுவது வேறு வகை நோய்களில். ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் வரும் நோய்கள் அவை. மாமன், அக்கா மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தையிடம் எட்டில் ஒரு பங்கு மரபணு இடங்களில் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. டிலீஷனுக்கு ஒரு பிரதி போனாலே போதும். எனவே அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. இதைப் பெரியவர்களையும் கூட்டி உட்கார வைத்துச் சொல்லுங்கள். அந்த அம்மாவிடம் மட்டும் சொன்னால் வீட்டுக்குள் போய்ச் சேராது.

ஆனாலும் அப்பா, அம்மா இருவரும் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். பத்தில் ஒருவருக்குப் பெற்றோரிடமிருந்து வந்திருக்கும். அந்தப் பெற்றோர் பள்ளியில் கொஞ்சம் பின்தங்கியவராக, பதற்றக்காரராக மட்டுமே இருந்து, யாரும் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். பெற்றோருக்கு முழு மைக்ரோஅர்ரே தேவையில்லை; இந்த ஒரு பகுதியை மட்டும் பார்க்கும் ஃபிஷ் அல்லது எம்.எல்.பி.ஏ. சோதனை போதும், செலவும் குறைவு. ஃபிஷ் எடுத்தால் பையனிடம் இழந்த பகுதிக்குள்தான் ஆய்வுக்கூடத்தின் புரோப் (தேடிப் போய் ஒட்டும் டி.என்.ஏ. துண்டு) விழுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண கேரியோடைப் (நுண்ணோக்கியில் குரோமோசோமைப் பார்ப்பது) வேண்டாம்: 5 மெகாபேஸுக்குக் குறைவான இழப்பு அதில் பெரும்பாலும் தெரியாது, "நார்மல்" என்று வந்து எல்லோரையும் ஏமாற்றிவிடும்.

இருவரிடமும் இல்லை என்றால் அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி. இந்தப் பையன் வளர்ந்து அப்பாவாகும்போதும் அதே பாதிக்குப் பாதிதான். பதின்ம வயதின் நடுவில் அவனுக்கே புரியும்படி ஒருமுறை சொல்ல வேண்டும்.

அபாயம் எவ்வளவு என்று கேட்டீர்கள். பொது மக்களில் நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மனச்சிதைவு வரும். இந்த டிலீஷன் உள்ளவர்களில் வளர்ந்தபின் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேருக்கு மனச்சிதைவோ அதை ஒட்டிய சைக்கோசிஸோ (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று நிஜத்திலிருந்து விலகும் நிலை) வருகிறது. "25 மடங்கு" என்று சொல்லாதீர்கள். நூறு புள்ளி போட்ட தாளில் 25-ஐ வண்ணம் தீட்டிக் காட்டுங்கள். மீதி 75-ம் அதே தாளில் அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

2014-ல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து 1,402 பேரைப் பார்த்த ஆய்வில், 25 வயதைத் தாண்டியவர்களில் 41 சதவீதம் பேரிடம் சைக்கோசிஸ் வகை நோய் இருந்தது. பெற்றோர் பயந்துபோய்க் காட்டும் எண் பெரும்பாலும் இதுதான். மருத்துவமனைக்கு வந்தவர்களை வைத்து எடுத்த கணக்கு என்பதால் தொந்தரவு உள்ளவர்கள் அதில் கூடுதலாகவே இருப்பார்கள். லேசான பாதிப்போடு வெளியே வாழ்பவர்கள் எண்ணிக்கையில் வரவே இல்லை.

—

ஓ.பி. அறை 7 (குழந்தை மனநல மருத்துவம்):

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஆமோதிக்கிறேன். ஒன்று சேர்க்க வேண்டும்: எல்லோரும் மனச்சிதைவையே நினைத்துக்கொண்டு இன்றைக்கு இருக்கும் தொந்தரவைக் கோட்டை விடுகிறார்கள். ஒன்பது வயதில் இந்தக் குழந்தைகளிடம் முன்னால் நிற்பது ஏ.டி.எச்.டி.யும் (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) மனப்பதற்றமும்தான். அதே 1,402 பேர் ஆய்வில் குழந்தைகளில் 37 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. இருந்தது. பெரும்பாலும் ஓடி ஆடி இம்சை பண்ணும் வகை அல்ல. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் வகை, அதனால் ஆசிரியர் புகார் சொல்வதில்லை. சைக்கோசிஸ் பொதுவாகப் பதின்ம வயதின் பின்பாதியில்தான் தலைகாட்டும். 13 வயதுக்கு முன் வருவது இவர்களிடமும் அரிது.

உங்கள் பையன் புது ஆட்களைக் கண்டு ஒதுங்குவதைச் சுபாவம் என்று விடாதீர்கள். இவர்களில் பதற்றம் கூடுதலாக உள்ளவர்களுக்குத்தான் பின்னாளில் சைக்கோசிஸ் அதிகம் வருகிறது என்று தொடர் ஆய்வுகள் காட்டுகின்றன. பதற்றத்துக்கு இப்போதே சிகிச்சை தொடங்கலாம், பலனும் கிடைக்கும். படங்களோடு, சின்னச் சின்னப் படிகளாக, அம்மாவையும் உடன் வைத்துச் செய்யும் நடத்தைச் சிகிச்சைதான் முதல் தேர்வு.

அடுத்தது கால்சியம். மனநலப் பக்கம் இருப்பவர்கள் தவறவிடும் பெரிய விஷயம் இது. கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி சரியாக வளராததால் இவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாழ்வில் ஏதோ ஒரு கட்டத்தில் கால்சியம் குறைகிறது. குறைந்தால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, விரல் மரத்துப்போதல், கடைசியில் வலிப்பு. பார்ப்பவர்கள் "பையன் மனநிலை மாறிவிட்டது" என்பார்கள். காய்ச்சல், அறுவை சிகிச்சை, பருவமடைதல் இந்த மூன்று நேரத்திலும் திடீரென்று விழும். குழந்தைப் பருவத்தில் நார்மலாக இருந்தது என்பதை நம்பி விட்டுவிடக் கூடாது. வருடம் ஒருமுறை கால்சியம், அல்புமின், மக்னீசியம், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, தைராய்டுக்கான டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள். அல்புமின் (ரத்தப் புரதம்) 4 கிராமுக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 மி.கி. கூட்டித்தான் கால்சியத்தைப் படிக்க வேண்டும். அயனிக் கால்சியம் எடுத்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

மருந்து விஷயத்தில் நடக்கும் தவறுகள்:

ஏ.டி.எச்.டி.க்கு மீதைல்ஃபெனிடேட் கொடுக்கலாம். "காம்ட் (டோபமினை உடைக்கும்) மரபணு இந்தப் பகுதியில் இருக்கிறது, டோபமின் ஏறி சைக்கோசிஸ் வந்துவிடும்" என்று சிலர் மறுக்கிறார்கள். காம்ட் அங்கே இருப்பது உண்மை, அந்தப் பயம் நடைமுறையில் உறுதியாகவில்லை. ஆனால் இவனுக்கு இதய அறுவை ஆகியிருக்கிறது. இதய மருத்துவர் எழுத்தில் சரி சொல்லாமல், ஈ.சி.ஜி. பார்க்காமல் தொடங்கக் கூடாது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் பார்க்க வேண்டும்.

பின்னாளில் சைக்கோசிஸ் மருந்து தேவைப்பட்டால் முதலில் கால்சியம், பிறகு ஈ.சி.ஜி., அதன் பிறகுதான் மாத்திரை. கால்சியம் குறைந்தாலே ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. எனும் இடைவெளி நீளும், மருந்தும் அதையே நீட்டும், அடியில் பழுதான இதயம். மூன்றும் ஒரே நாளில் சேரக் கூடாது. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும்.

மற்ற சைக்கோசிஸ் மருந்துகள் பலிக்காதபோது தரும் க்ளோசபின் இவர்களுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. வலிப்புதான் தொல்லை, அதுவும் வழக்கத்தைவிடக் குறைந்த அளவிலேயே வரும். கால்சியத்தைச் சரிசெய்து, தேவைப்பட்டால் வலிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் தொடரலாம். வலிப்பு வந்தவுடன் க்ளோசபினையே தூக்கி எறிவது அவசர முடிவு. தடுப்பு மருந்தாக வேல்ப்ரோயேட் எழுதும் முன் தட்டணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். தட்டணுவுக்கான ஜிபி1பிபி மரபணுவும் இந்தப் பகுதியோடு போய்விடுவதால் எண்ணிக்கை முன்பே சற்றுக் குறைவாக இருக்கும்; வேல்ப்ரோயேட் இன்னும் குறைக்கும். பெண் குழந்தை என்றால் வருங்காலக் கர்ப்பத்தைக் கருதி வேல்ப்ரோயேட்டைத் தவிர்ப்பதே சரி.

இதைப் படிக்கும் மற்ற மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 13 வயதுக்கு முன் மனச்சிதைவு தொடங்கியவர்களை அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் 1990 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. அதில் 126 குழந்தைகளில் 15 பேரிடம் நோயோடு தொடர்புடைய குரோமோசோம் இழப்போ இரட்டிப்போ இருந்தது. 5 பேரிடம் இதே 22க்யூ11.2 டிலீஷன். எனவே சின்ன வயதில் சைக்கோசிஸ் என்றால் மைக்ரோஅர்ரே எழுதுவது வீண் செலவு அல்ல. முக அமைப்பைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றும் இருக்காதீர்கள். பாடநூல் படங்கள் ஐரோப்பியக் குழந்தைகளுடையவை. நம் குழந்தைகளின் முகத்தில் அந்த அடையாளங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. மூக்கால் பேச்சு, சின்ன வயதில் இதய அறுவை, பால் மூக்கு வழியாக வந்த கதை, அடிக்கடி காது சீழ் - இவற்றைக் கேளுங்கள்.

சைக்கோசிஸோடு வரும் சிறுவர்களிடம் குணப்படுத்தக்கூடிய வேறு காரணங்களையும் தேட வேண்டும். உறவுத் திருமணக் குடும்பத்தில் வில்சன் நோய் (உடலில் செம்பு தேங்கும் மரபுநோய்) முதலில் நினைவுக்கு வர வேண்டும்: கை நடுக்கம், பேச்சு குழறல், ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் 20 மி.கி.க்குக் கீழே, கண்ணில் செம்பு வளையம். சில நாட்களில் இருந்து சில வாரங்களுக்குள் மூண்டு, வலிப்பும் வாய் முகம் கோணும் அசைவுகளும் சேர்ந்தால் என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிரணு மூளையழற்சி. அந்த எதிரணுவைத் தண்டுவட நீரில் பார்க்க வேண்டும்.

—

அளவுகோல் (மருத்துவ உளவியல்):

பள்ளியில் எதைக் குறித்து வைப்பது என்ற கேள்விக்கு என் பதில்: இப்போதே ஒரு முழு அறிவுத்திறன் சோதனை எடுத்து வையுங்கள். பிற்பாடு ஒப்பிட அடிக்கோடு இல்லாவிட்டால் எந்தக் கண்காணிப்பும் ஊகம்தான்.

காரணம் இது. 2015-ல் வந்த பன்னாட்டு ஆய்வில், இந்த டிலீஷன் உள்ளவர்களின் ஐ.க்யூ. 8 வயதிலிருந்து 24 வயதுக்குள் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. எல்லோருக்கும் பொதுவான இறக்கம் அது. பிற்பாடு சைக்கோசிஸ் வந்தவர்களிடம் மட்டும் வாய்மொழித் திறன் ஏறத்தாழ 11 வயதிலிருந்தே கூடுதலாகச் சரிந்தது. குரல் கேட்பது, சந்தேகம் எல்லாம் வருவதற்குப் பல வருடம் முன்னால். எனவே இப்போது ஒன்று, 11-12 வயதில் ஒன்று, 14-15 வயதில் ஒன்று.

மூன்று முறையும் ஒரே சோதனை என்பது கட்டாயம். ஒருமுறை பினே-காமத், அடுத்தமுறை மாலின், அதற்கடுத்து வெக்ஸ்லர் என்று எடுத்தால் வரும் வித்தியாசம் குழந்தையுடையதா சோதனையுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. மாலின் சோதனை 1969-இன் தரப்படுத்தல். எண் கொஞ்சம் உயர்ந்தே காட்டும். இந்தியத் தரப்படுத்தலோடு வந்த வெக்ஸ்லர் நான்காம் பதிப்பு கிடைத்தால் அதையே தொடருங்கள். ஒரே மொழியிலும் எடுங்கள். தமிழில் முதலாவதும் ஆங்கிலத்தில் இரண்டாவதும் எடுத்துவிட்டு வாய்மொழி இறங்கியது என்று எழுதிய ரிப்போர்ட்டுகள் நடைமுறையில் வரத்தான் செய்கின்றன.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் கச்சா மதிப்பெண்ணையும் (வயதோடு ஒப்பிடாமல் அவன் நேரடியாக எடுத்த எண்) எழுதித் தரச் சொல்லுங்கள். ஐ.க்யூ. வயதோடு ஒப்பிட்ட எண். ஒன்பது வயதில் சொல்வளத்தில் 20 எடுத்தவன் பன்னிரண்டில் 24 எடுத்தால் அவன் வளர்ந்திருக்கிறான், சக வயதுப் பிள்ளைகள் வேகமாக ஓடியதால் ஐ.க்யூ. இறங்குகிறது. இது இவர்களிடம் வழக்கமானது. 20 எடுத்தவன் 15 எடுத்தால் இருந்ததே கைவிட்டுப் போகிறது. முதல் நிலைக்குப் பாடச்சுமையைக் குறைத்தால் போதும். இரண்டாவதற்கு அந்த வாரமே மனநல மருத்துவர், கால்சியம், வலிப்புக்கான ஈ.ஈ.ஜி.

உங்கள் பையன் தடையின்றி வாசிக்கிறான், கணக்கு வரவில்லை என்றீர்கள். இது இவர்களுக்கே உரிய அச்சு. மனப்பாடமும் உரக்க வாசிப்பும் நன்றாக இருக்கும். வாசித்ததன் பொருளும் கணக்கும் இடவெளி உணர்வும் பின்தங்கும். வாசிப்பைக் கேட்டு ஆசிரியர் "நல்ல பையன், சோம்பேறித்தனம்தான்" என்று முடிவு கட்டி அழுத்துவார். திறனுக்கு மீறிய அழுத்தம் பதற்றத்தை ஏற்றும். ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி, "ஏன் அப்படிச் செய்தான்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பதில்தான் அவன் நிற்கும் இடம்.

ஆசிரியர் குறிக்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. யாரும் கூப்பிடாதபோது "யாரோ என் பேர் சொன்னாங்க" என்பது. குளிப்பது, தலை சீவுவது தானாகச் செய்துகொண்டிருந்தவன் விட்டுவிடுவது. இருந்த ஒரே நண்பனோடும் பேசாமல் இருப்பது. இரவுத் தூக்கம் புரண்டுபோவது. தன்னைப் பற்றிப் பேசி மற்றவர்கள் சிரிப்பதாகச் சொல்வது. தேதி போட்டு, அவன் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "விசித்திரமாக நடந்துகொண்டான்" என்ற குறிப்பால் மருத்துவருக்கு ஒரு பயனும் இல்லை. கற்பனை நண்பனும் தனக்குத்தானே முணுமுணுப்பதும் ஒன்பது வயதில், அதுவும் மொழி பின்தங்கிய குழந்தையிடம், நோய் அல்ல. கேலி செய்யும் கும்பலை மட்டும் உடனே தடுத்து நிறுத்துங்கள். மூக்குப் பேச்சை வைத்துக் கேலி செய்வது இவர்களுக்கு அன்றாடம்.

—

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு சந்தேகம் மீதி இருக்கிறது. "ஒரே ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் வருமா வராதா தெரிந்துவிடும் இல்லையா" என்கிறார் அப்பா. எச்சில் அனுப்பினால் "மனநோய் மரபணு மதிப்பெண்" தருவதாக ஒரு விளம்பரத்தையும் காட்டினார். இரண்டுக்கும் பணம் புரட்டத் தயாராக இருக்கிறார். என்ன சொல்லட்டும்?

—

நரம்புச்சரம் (மூளை வரைவியல் ஆய்வு):

இரண்டுக்கும் செலவு செய்ய வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லிவிடுங்கள் மேடம்.

மூளையில் வித்தியாசம் இல்லாமல் இல்லை. 2018-ல் டிலீஷன் உள்ள 474 பேரையும் இல்லாத 315 பேரையும் ஒப்பிட்டார்கள். டிலீஷன் உள்ளவர்களின் மூளைப் புறணியின் (வெளி அடுக்கு) பரப்பு குறைவு, தடிமன் கூடுதல். அவர்களிலேயே சைக்கோசிஸ் வந்தவர்களிடம் அந்தத் தடிமன் குறைந்திருந்தது. ஆனால் இவை நூற்றுக்கணக்கானவர்களின் சராசரி. மனச்சிதைவில் மிகத் தெளிவாகக் காணப்படும் மாற்றங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கான மூளைப் பகுதி) சிறுத்திருப்பது. நோயுள்ளவர், இல்லாதவர் அளவுகளை ஒரே வரைபடத்தில் போட்டால் அதிலும் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். ஒரு பையனின் படத்தை வைத்து அவன் எந்தப் பக்கம் என்று சொல்ல வழியே இல்லை. 'நார்மல்' என்று வந்தால் பெற்றோர் கண்காணிப்பை விட்டுவிடுவார்கள்; இவர்களிடம் அடிக்கடி காணும் நடுக்கோட்டுச் சிறு குழிவு ஏதாவது எழுதப்பட்டிருந்தால் இல்லாத நோய்க்கு அழுவார்கள். வலிப்பு, உடலின் ஒரு பக்கம் பலவீனம், புதிதாகத் தொடங்கிய சைக்கோசிஸ், திறன் இழப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் எம்.ஆர்.ஐ. அவசியம். அப்போது மூளை மடிப்புக் கோளாறு இருக்கிறதா என்று குறிப்பாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்த டிலீஷனில் அது வருவதுண்டு.

பதின்ம வயதில்தான் ஏன் வருகிறது என்று அப்பா கேட்டால் இதைச் சொல்லலாம். அந்த வயதில் மூளை தேவையற்ற நரம்பு இணைப்புகளைக் கழித்துக் கட்டுகிறது, நெற்றிப் பகுதியில் இந்த வேலை இருபதுகளின் நடுப்பகுதி வரை நடக்கும். இந்தக் கழிப்பு அளவு மீறுவது மனச்சிதைவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று நெடுநாளாகவே கருதப்படுகிறது. 2016-ல் சி4 மரபணு ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. நல்ல செய்தியும் உண்டு. மேலே டாக்டர் குறிப்பிட்ட அமெரிக்க ஆய்வில், நோயுள்ள குழந்தைகளின் ஆரோக்கியமான உடன்பிறந்தவர்களிடமும் பதின்ம வயதின் தொடக்கத்தில் புறணி மெலிவு காணப்பட்டது. 20 வயதுக்குள் அது சீராகிவிட்டது. மூளையில் தெரியும் அபாயக் குறி கடைசிவரை அப்படியே நிற்பதில்லை.

எச்சில் மதிப்பெண். 2022-ல் வந்த பெரிய ஆய்வு மனச்சிதைவோடு தொடர்புடைய 287 மரபணு இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. எல்லாம் சேர்த்துப் போட்ட மதிப்பெண்ணும் அபாய வேறுபாட்டில் சிறு பகுதியைத்தான் விளக்குகிறது. டிலீஷன் உள்ளவர்களிடம் இந்த மதிப்பெண் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறது என்பது உண்மை: 2020 ஆய்வில் மனச்சிதைவு அபாயம், மதிப்பெண்ணில் கடைசிப் பத்தில் ஒரு பங்கினருக்கு 9 சதவீதம், உச்சப் பத்தில் ஒரு பங்கினருக்கு 33 சதவீதம். அது ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்ட கணக்கு. நம் மக்களிடம் அந்த மதிப்பெண்ணின் துல்லியம் இறங்கிவிடும். எந்த எண் வந்தாலும் செய்யப்போவது ஒன்றுதான்: கால்சியம், பதற்றம், ஐ.க்யூ., தூக்கம்.

—

ஓ.பி. அறை 7:

அந்தப் பணத்தை அறிவுத்திறன் சோதனைக்கும், அண்ணத்தைப் பார்க்கும் மருத்துவருக்கும், பேச்சுப் பயிற்சிக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். மூக்குப் பேச்சுக்குக் காரணம் அண்ணத்தின் உள்தசைப் பிளவாக இருந்தால் பயிற்சி மட்டும் போதாது, அறுவை தேவைப்படும். ஐ.க்யூ. 70-க்குக் கீழே வந்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்; தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். பதினான்கு, பதினைந்து வயதில் கஞ்சா பற்றி அவனிடம் நேரடியாகப் பேசுங்கள். பெற்றோர் அதைப் பேசத் தயங்குவார்கள்.

பள்ளிக் கோப்பின் முதல் பக்கத்தில் இந்த நான்கு வரியை ஒட்டி வையுங்கள்: 22க்யூ11.2 டிலீஷன், இதய அறுவை ஆனவன், வலிப்போ கை விரல் இறுக்கமோ வந்தால் மருத்துவமனையில் முதலில் கால்சியம் பார்க்கவும், எந்த மனநல மருந்துக்கும் முன் ஈ.சி.ஜி. நள்ளிரவில் பெற்றோருக்கு மனநல உதவி தேவைப்பட்டால் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். பெற்றோரின் எம்.எல்.பி.ஏ. அல்லது ஃபிஷ் முடிவு வந்ததும் இதே திரியில் எழுதுங்கள். தங்கை தம்பி யாராவது இருந்தால் அவர்களுக்குச் சோதனை தேவையா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.